துவைத்த பைகள்

மண் மாதிரிகள் இப்போது பிளாஸ்டிக் பைகளில் வருகின்றன. முன்பு காடாத் துணிப் பைகளில் வந்தன. ஏன் மாறியது என்று இளைய அலுவலர்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பிளாஸ்டிக் மலிவு என்று நினைத்திருப்பார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பொறுத்தவரை அந்த மாற்றத்துக்கு உத்தரவு போட்டவன் நான். காரணத்தைக் கோப்பில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அலுவலர், "மண் வளப் பாதுகாப்பு பத்தி, உங்க அனுபவத்துல இருந்து, இளைஞர்களுக்கு ஊக்கம் தர்ற மாதிரி சார்" என்றார். இரண்டு பக்கம் போதும் என்றும் சொன்னார். ஊக்கத்துக்கு நான் பொறுப்பேற்க முடியாது. பக்கங்களும் கொஞ்சம் கூடும்.

வேளாண்மைப் பட்டம் வாங்கி 1974இல் பணியில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சல்லடையைப் பிடிக்கக் கற்றேன், சைக்கிளில் எதிர்க்காற்றில் போகக் கற்றேன். பிறகு ராமநாதபுரம் சீமையின் கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்த சின்ன ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வாடகைக் கட்டடம், இரண்டு அறை, பின்னால் ஒரு கிணறு. அந்தக் கூடம் இப்போது இல்லை. ஊர்ப் பெயர் வேண்டாம்.

அங்கே அலுவலராக இருந்தவர் நாகரத்தினம். ஒல்லியான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சிவப்புப் பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று. பேசுவது அவருக்குப் பிடிக்காது. "ம்" என்றால் சரி. "ம்ம்" என்றால் திரும்பச் செய். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபட எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் பல மாதிரிகளைத் தேவையில்லாமல் இரண்டு தடவை சலித்திருந்தேன்.

அவர் சிவப்பு மையில் ஐந்து கட்டளைகள் எழுதிச் சுவரில் அட்டையாகத் தொங்கவிட்டிருந்தார். மர நிழலில் மண் எடுக்காதே. வரப்போரம் எடுக்காதே. எருக் குவித்த இடத்தில் எடுக்காதே. எடுத்த மண்ணை வெயிலில் காய வைக்காதே. பையை நனைக்காதே.

எதற்கும் காரணம் எழுதவில்லை. முதல் நான்குக்கும் காரணம் பாடப் புத்தகத்தில் இருந்தது. ஐந்தாவது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு நாள் அவரிடமே கேட்டேன். "ம்ம்" என்றார்.

பைகளைச் சுத்தம் செய்ய ஒரு முறை இருந்தது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, வாசல் வேம்பில் ஓங்கி நாலு அடி அடிக்க வேண்டும். தையல் ஓரத்தைத் தேங்காய் நாரால் தேய்த்து உதற வேண்டும். பிறகு கொடியில் போட வேண்டும். செம்மண் கறை, வண்டல் கறை எல்லாம் அப்படியே இருக்கும். பார்க்க நன்றாக இருக்காது. தண்ணீர் மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நானாக முடிவு செய்துகொண்டேன். குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்த ஊர் அது. பெண்கள் குடங்களைத் தள்ளுவண்டியில் வைத்து இரண்டு மைல் தள்ளிக்கொண்டு போவார்கள். ஆகவே என் முடிவு எனக்கு நியாயமாகவே பட்டது. பின்கட்டில் கிணறு நிறையத் தண்ணீர் இருந்ததே என்று நான் யோசிக்கவில்லை.

வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன். வயலில் பத்து இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் குழி வெட்ட வேண்டும். குழியின் சரிவிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். பத்துக் குழி மண்ணையும் சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நடுவே சிலுவைக் கோடு போட்டு நாலு பங்காக்கி, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே. கூடத்துக்கு வந்ததும் நிழலில் உலர்த்தி, மரச் சுத்தியால் தட்டி, சலித்து, காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, தெளியவிட்டு, மின்முனையை இறக்கினால் மீட்டரில் முள் நகரும். உப்பு எவ்வளவு என்று முள் சொல்லும். ஒன்றுக்குக் கீழே நின்றால் நல்ல நிலம். ஒன்றைத் தாண்டினால் விதை முளைப்பதில் சிரமம்.

விவசாயிக்குக் கொடுக்கும் முடிவு அட்டையில் குத்த எங்களிடம் மூன்று ரப்பர் முத்திரைகள் இருந்தன. நன்னிலம், களர் நிலம், உவர் நிலம். களர் என்றால் ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மெல்ல மீட்கலாம். உவர் என்றால் நல்ல தண்ணீரைப் பாய்ச்சி உப்பைக் கழுவி வடிக்க வேண்டும். குடிக்கவே நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு விவசாயியிடம் இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் தேவைப்படும். எனக்கு இருந்தது.

நான் நல்லது எதுவுமே செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். அபிராமத்தில் செல்லையா என்றொரு விவசாயி இருந்தார். அவருடைய மூன்று ஏக்கரில் மழைத் தண்ணீர் இறங்காமல் சாம்பல் நிறத்தில் நிற்கும். களர். நாகரத்தினம் எழுதிக் கொடுத்தபடி ஜிப்சம் போட வைத்து, வரப்பு உயர்த்தி, தக்கைப்பூண்டு மடக்கி, மூன்று வருடம் பின்னாலேயே அலைந்தேன். நாலாம் வருடம் நெல் விளைந்தது. செல்லையா ஒரு மூட்டை அரிசியோடு கூடத்துக்கு வந்தார். நாகரத்தினம் அதைத் திருப்பி அனுப்பினார். போகும்போது செல்லையா என்னிடம், "ஒங்க பெரிய சார் வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சுருக்காரு?" என்று கேட்டார்.

பிறகு வேறு ஊர்களில் இருந்துவிட்டு, 1994இல் அதே கூடத்துக்கு நானே பொறுப்பு அலுவலராகத் திரும்பி வந்தேன். நாகரத்தினம் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார். சுவரில் அட்டை இருந்தது. நாகரத்தினம் காலத்து உதவியாளர் அந்தோணியும் இருந்தார். பாம்பனிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார், மீன்பிடிக் குடும்பம். கடலில் வாந்தி வருகிறது என்பதால் சர்க்கார் வேலைக்கு வந்தவர். அவர் இன்னும் வேம்பில் பைகளை அடித்துக்கொண்டிருந்தார்.

மேலதிகாரி ஆய்வுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. கறை படிந்த அந்தப் பைகளை அவர் பார்ப்பதை நான் விரும்பவில்லை.

"அந்தோணி, பையெல்லாம் துவைச்சுருங்க."

"எந்தத் தண்ணியில சார்?"

"கிணத்துலதான் கெடக்குதே."

"கிணத்துத் தண்ணியில துவைச்சா துணி வெறைச்சுக்கிட்டு நிக்கும் சார். எஞ் சட்டையப் பாருங்க, முறுக்கு மாதிரி ஒடியுது."

"பை நின்னா நல்லதுதானே. மண்ணு போட வசதி."

அவர் என்னையும் சுவர் அட்டையையும் பார்த்தார். "பெரிய சார் நனைக்கக் கூடாதுன்னு..."

"பெரிய சார் ரிட்டயர் ஆயிட்டார்."

துவைத்தார். பைகள் வெளுத்தன. கஞ்சி போட்ட வேட்டிபோல் விறைப்பாக, வாயைத் திறந்துகொண்டு அலமாரியில் வரிசையாக நின்றன. தையல் ஓரங்களில் வெள்ளையாகக் கோடு படிந்திருந்தது. சோப்பு சரியாக அலசவில்லை போலிருக்கிறது என்று அந்தோணியைக் கடிந்துகொண்டேன். இன்னொரு தடவை அதே கிணற்றில் அலசினார். மேலதிகாரி வந்து பார்த்து, ஆய்வுப் பதிவேட்டில் 'மாதிரிப் பைகள் தூய்மையாகப் பராமரிக்கப்படுகின்றன' என்று எழுதினார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த எழுத்துபூர்வமான பாராட்டு அது ஒன்றுதான். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் துவைக்கச் சொல்லிவிட்டேன்.

அடுத்த கோடையில் தொண்டிக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். அண்ணன் காளிமுத்து, தம்பி முனியசாமி. அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர், பிரிக்காத நிலம், மிளகாய்க் காடு. இறால் பண்ணை போட ஒரு கம்பெனி அந்தப் பக்கம் நிலம் வாங்கிக்கொண்டிருந்தது. கொடுத்துவிடலாம் என்றார் அண்ணன். கடல் தண்ணீரை ஏற்றினால் நிலம் செத்துப்போகும், முடியாது என்றார் தம்பி. ஊரில் பேசிப் பார்த்து, கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மண் ஆபீஸ் காகிதம் நல்ல நிலம் என்று சொன்னால் மிளகாய். உவர் என்று சொன்னால் இறால். இரண்டு பேரும் என் மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னார்கள். சர்க்கார் காகிதத்தின் மேல் அவர்களுக்கு இருந்த மரியாதையைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன்.

நானே நேரில் போய் மண் எடுத்தேன். பத்துக் குழி. ஒரு குறையும் இல்லாமல் எடுத்தேன். மண்ணை வெளுத்த பையில் போட்டேன். முள் ஒன்றைத் தாண்டி, ஒன்று புள்ளி நாலில் நின்றது. உவர் முத்திரையைக் குத்தினேன்.

முனியசாமி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது எங்க மண்ணு இல்ல."

"உங்க மண்ணுதான். நான்தானே எடுத்தேன்."

"எங்கய்யா காலத்துல இருந்து நாக்குல வச்சுப் பாக்குறவன் சார். மேற்கால ஓடைக்கு அங்கிட்டு கரிக்கும். இங்கன கரிக்காது."

காளிமுத்து குறுக்கே வந்தார். "ஏலே, சர்க்காரு காகிதமே சொல்லுது. ஒன் நாக்கு என்ன, கலெக்டரு நாக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். முனியசாமியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "சந்தேகம்னா இன்னொரு தடவை பார்த்துருவோம். ஒரு மழை பெய்யட்டும்" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். அலமாரியில் இருந்ததிலேயே நன்றாகத் துவைத்த பையாகப் பார்த்து எடுத்து, இரண்டாம் மாதிரிக்கென்று தனியாக வைத்தேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த மண் ஈரமாக இருந்தது. வேலை நெருக்கடியில் அது ஒரு வாரம் பையிலேயே கிடந்தது. முள் ஒன்று புள்ளி ஆறில் நின்றது. இந்தத் தடவை முனியசாமி அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்பச் சரி சார்" என்றார்.

தை மாதம் அபிராமத்துச் செல்லையா வந்தார். மூப்பு தட்டியிருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. அவருடைய மகன் வழக்கமான சோதனைக்கு எங்கள் பையில் மண் கொண்டுவந்திருந்தான். பை கொள்ளாமல் மீதியை ஜவுளிக்கடை மஞ்சள் பையில் போட்டிருந்தான். வாங்கி வைத்தவர்கள் இரண்டு மாதிரி என்று நினைத்து இரண்டு எண் கொடுத்துவிட்டார்கள். செல்லையா இரண்டு அட்டைகளையும் என் மேசைமேல் போட்டார். எங்கள் பை மண்ணுக்கு உவர். மஞ்சள் பை மண்ணுக்கு நன்னிலம்.

"ஒரே குழி மண்ணு சார். ஒங்க பையில வந்தா கெட்டுப்போகுது, ஜவுளிக்கடப் பையில வந்தா நல்லாருக்கு. அடுத்த தடவ நீங்களும் ஒங்க முள்ளும் ஜவுளிக்கடைக்கே போயிருங்க."

அவர் போனதும், அலமாரியிலிருந்து ஒரு வெற்றுப் பையை எடுத்தேன். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டுப் பிழிந்து, அந்த நீரில் மின்முனையை இறக்கினேன். முள் கடைசிக் கோட்டுக்குப் போய் முட்டி நின்றது.

நாகரத்தினத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பையை ஏன் நனைக்கக் கூடாது என்றீர்கள் என்று மட்டும் கேட்டேன். தபால் அட்டையில் பதில் வந்தது. சிவப்பு மை. 'அந்தக் கிணற்றுத் தண்ணீரை நீர் ஒரு தடவைகூட வாயில் வைத்துப் பார்த்ததில்லையா?' வைத்துப் பார்த்ததில்லை. எனக்கு லாரித் தண்ணீர் வந்தது. ஊர் ஊராகப் போய் மண்ணில் உப்பேறாமல் காப்பது எப்படி என்று பேசிய நான், என் அலுவலகக் கிணற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பதினைந்து மாதம் மண்ணுக்கு உப்பேற்றியிருக்கிறேன்.

இதுவரை நடந்தது தவறு. தவறை யாரும் செய்யலாம். இனி எழுதப்போவது வேறு.

தபால் அட்டை வந்த அன்று புதன்கிழமை. புதிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துக்கொண்டு தொண்டி பஸ் ஏறினேன். முனியசாமி காட்டில்தான் இருந்தார். மிளகாய்ச் செடிகள் இடுப்பளவுக்கு நின்றன. பழம் சிவந்திருந்தது. இரண்டு காடு தள்ளி மண் வெட்டும் இயந்திரம் ஒன்று நின்றது. என்னைக் கண்டதும் ஓடிப்போய் ஒரு சொம்பில் ஊருணித் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன். நல்ல தண்ணீர்.

"எதுக்கு சார் இம்புட்டுத் தொலைவு?"

"சும்மா, இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

"இந்தப் பக்கம் என்ன சார் இருக்கு? நாங்கதான் இருக்கோம்."

பதிவுக்காகக் கொஞ்சம் மண் வேண்டும் என்றேன். அவரே குழி வெட்டிக் கொடுத்தார். வெட்டிக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழம தொண்டியில பத்திரம் சார். அண்ணன் போட்டுருச்சு. எங் கையெழுத்துதான் பாக்கி. நீங்க ரெண்டு தடவ பாத்துச் சொன்னதுனாலதான் மனசு ஆறுச்சு. இல்லாட்டி அண்ணனுக்கும் எனக்கும் வெட்டுக்குத்து ஆகியிருக்கும்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். மண்ணைச் சோதித்து உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விஞ்ஞான முறை அதுதான். மண்ணை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வியாழன் மதியம் முள் புள்ளி ஐந்தில் நின்றது. நன்னிலம். அந்தோணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத்தானே சார் பத்திரம்? சாயங்கால பஸ்ஸுக்குப் போனாக்கூடப் பிடிச்சுரலாம்."

"பார்ப்போம்."

"நான் வேணா போயிட்டு வாரேன் சார். எனக்கு அங்கன மாமன் வீடு இருக்கு."

"என்னன்னு சொல்லுவீங்க? யார் சொன்னான்னு கேட்டா?"

அவர் மின்முனையைக் கழுவித் துடைத்து வைத்தார்.

பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஒரு அட்டை தவறு என்றால் பதினைந்து மாத அட்டைகளும் தவறு. அத்தனை பேருக்கும் கடிதம் எழுத வேண்டும், விளக்கம் கேட்பார்கள், பாராட்டு எழுதிய மேலதிகாரிக்கும் சங்கடம். பயந்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பயத்தோடு சோம்பலும் இருந்தது. அண்ணன் தம்பி சமாதானமாக இருக்கிறார்கள், அதைக் கெடுப்பானேன் என்ற பெருந்தன்மையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சரியான நேரத்துக்கு அலுவலகம் வந்தேன். இனிமேல் மாதிரிகளைப் பிளாஸ்டிக் பைகளில் மட்டுமே சேகரிக்க வேண்டும் என்று உத்தரவு எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டேன். துணிப் பைகளை எரிக்கச் சொன்னேன். அந்தோணி எரித்தார். அன்றைக்கு அவர் எனக்குத் தேநீர் வாங்கி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பங்குனியில் கடல் தண்ணீர் ஏறியது. மூன்றாம் வருடம் இறாலுக்கு நோய் வந்தது, கம்பெனி மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு போயிற்று. குளங்கள் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தன. பக்கத்துக் காடுகளிலும் உப்பு ஊறியிருந்தது. அங்கிருந்து வந்த மாதிரிகளைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி, பரிசோதித்து, உவர் முத்திரை குத்தினேன். அவை சரியான அட்டைகள். பதவி உயர்வும் வந்தது.

ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் கழித்து, போன மாதம், முனியசாமியைத் தேடிப் போனேன். தொண்டியில் மீன் லாரிகளுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். கட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கிணறு, பை, புதன், வியாழன், வெள்ளி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அப்ப எங்க மண்ணு நல்ல மண்ணுதான்?"

"நல்ல மண்ணு."

"எந் நாக்குல கோளாறு இல்ல?"

"இல்ல."

ஈரக் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "அந்த ரெண்டாவது காகிதம் வந்தப்பறம் நான் நாக்க நம்புறதில்ல சார். கொழம்புல உப்பு இருக்கான்னு எம் பொஞ்சாதிகிட்டத்தான் கேப்பேன். பதிமூணு வருசமா. அவ, இந்த மனுசனுக்கு என்ன வந்துச்சுன்னு எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிப்பா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வியாழக்கிழம பாத்தீகளே, அத எழுதிக் குடுங்க. அண்ணன்கிட்டக் காட்டணும். இன்னமும் கல்யாண வீட்டுல கண்டா, 'வாய்யா கலெக்டரு நாக்கு'ங்குது."

அந்த வியாழக்கிழமை எழுதி வைத்த சீட்டு என்னிடம் இருந்தது. அதைப் பார்த்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் தாளின் முன்னும் பின்னும் பார்த்தார்.

"சீல் இல்லையே சார்."

"நான் ரிட்டயர் ஆயிட்டேன்."

"சீல் இல்லாம அண்ணன் நம்பாது. அந்தக் காகிதத்துல சீல் இருந்துச்சுல்ல."

இருந்தது. நான்தான் குத்தினேன், இரண்டு தடவை.

"அச்சுல வந்தா நம்புமா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "அச்சுல வந்தா நம்பும்" என்றார்.

மலருக்குக் கட்டுரை கொடுக்க நான் ஒப்புக்கொண்டது இதற்காகத்தான். மற்றதையெல்லாம் ஆசிரியர் குழு வெட்டிக்கொள்ளலாம். கீழே உள்ளதை மட்டும் வெட்ட வேண்டாம்.

நில உடைமை: காளிமுத்து, முனியசாமி. தொண்டிக்குத் தெற்கே, ஓடைக்குக் கிழக்கே, நாலு ஏக்கர். சாகுபடி: மிளகாய். மாதிரி எடுத்தது: 1996 தை மாதம், புதன்கிழமை. உப்பு நிலை: புள்ளி ஐந்து. தரம்: நன்னிலம். முன்பு கொடுத்த இரண்டு அட்டைகளும் தவறு. தம்பி சொன்னதே சரி.